மேடைக்குப் பக்கத்தில் ஒரு எலும்பு மண்டபம்: டொல்மின் மெட்டல் விழாவும் ஒரு பழைய போரும்

மெட்டல் கேட்டால் வீட்டில என்ன சொல்லுவினம்? "உது பாட்டோ, கத்தலோ?" ரீசேர்ட்டில மண்டையோடு இருந்தால் கதை இன்னும் மோசம். ஆனால் அந்த மண்டையோடு வெறும் படமாக இல்லாத ஒரு இடம் இருக்கு. ஸ்லோவேனியாவின் மேற்குப் பக்கம், ஜூலியன் அல்ப்ஸ் மலைகளுக்குள் இருக்கும் டொல்மின் என்ற சின்ன ஊர்.

சோச்சா, டொல்மின்கா என்ற இரண்டு ஆறுகள் சேரும் இடத்தில் 2004 இல் 'மெட்டல்கேம்ப்' தொடங்கியது. 2013 இல் அதன் இடத்துக்கு 'மெட்டல்டேஸ்' வந்தது. பல நாட்டுப் பெடியளும் பெட்டையளும் கூடாரம் அடிச்சுத் தங்குவினம். பகலில ஆற்றில குளியல், பின்னேரம் மேடைக்கு முன்னால தலையாட்டல். சோச்சாவின் தண்ணி மரகதப் பச்சை. கோடையிலும் உடம்பை விறைக்க வைக்கும். 2023 இல் மெட்டல்டேஸ் வேறு நகரத்துக்குப் போய்விட்டது. ஆனால் அந்த ஆற்றங்கரையின் கதை விழாவைவிடப் பழையது.

சோச்சாவை இத்தாலியர் இசோன்சோ என்று சொல்லுவினம். 1915 மே மாதம் இத்தாலி ஒஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் மீது போர் அறிவித்தது. அதன்பிறகு இரண்டரை வருடத்துக்குள் இந்த ஆற்றை ஒட்டி 12 சண்டைகள். முதல் 11 தடவையும் இத்தாலிதான் தாக்கியது. பெரும்பாலும் சில கிலோமீற்றர் நிலம்தான் கைமாறியது. ஷெல் விழுந்தால் சுண்ணாம்புப் பாறையும் சேர்ந்து சிதறும். கல்லே ஆளைக் கொல்லும். 1917 ஒக்டோபர் 24 அன்று ஜேர்மனியும் ஒஸ்திரியா-ஹங்கேரியும் சேர்ந்து டொல்மின், போவெட்ஸ் பக்கங்களில் இருந்து பாய்ந்தன. போவெட்ஸில் நச்சுவாயு அடித்தார்கள். சில கிழமைக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இத்தாலியச் சிப்பாய்கள் கைதானார்கள்.

விழா நடந்த ஆற்றங்கரைக்குக் கிட்டவே ஜேர்மன் எலும்பு மண்டபம் ஒன்று நிற்கிறது. 1930களில் கட்டப்பட்டது. அந்தச் சண்டையில் செத்த ஏறத்தாழ ஆயிரம் ஜேர்மன் சிப்பாய்களின் எச்சங்கள் உள்ளே இருக்கின்றன.

டொல்மின்கா வரும் வழியிலேயே மேலே ஏறினால் யாவோர்ட்சா என்ற மரத் தேவாலயம் வரும். 1916 இல், சண்டை நடந்துகொண்டிருக்கும்போதே, ஒஸ்திரியா-ஹங்கேரிச் சிப்பாய்கள் தங்கட செத்த கூட்டாளிகளுக்காகக் கட்டியது. உள்ளே 2,564 பெயர்கள். வெடிமருந்துப் பெட்டிகளின் பலகையில் ஒவ்வொரு பெயரையும் சூடுபோட்டு எழுதியிருக்கிறார்கள். கொல்ல வந்த சாமான் வந்திறங்கிய பலகைதான் நினைவுப் பலகையாகவும் ஆனது.

போர் முடிந்தும் அந்த ஊருக்கு நிம்மதி வரவில்லை. 1920 உடன்படிக்கையில் பள்ளத்தாக்கு இத்தாலிக்குப் போனது. முசோலினி காலத்தில் பாடசாலைகளில் இருந்து ஸ்லோவேன் மொழி துரத்தப்பட்டது. 1947 இல் யூகோஸ்லாவியா, 1991 இல் சுதந்திர ஸ்லோவேனியா. ஒரே வீட்டில் இருந்த ஒரு கிழவி நாலு நாட்டைப் பார்த்திருக்கலாம்.

இப்ப மெட்டலுக்கு வருவம். 1970 இல் பிளாக் சபாத் 'வோர் பிக்ஸ்' பாடியது, ஏழைகளைச் சண்டைக்கு அனுப்பிவிட்டுத் தாங்கள் ஒளிந்திருக்கும் தலைவர்களைப் பற்றி. 1991 இல் மோட்டர்ஹெட் '1916' என்ற பாட்டில் சண்டைக்குப் போன ஒரு சிறுவனைப் பற்றிப் பாடியது. யாவோர்ட்சா கட்டப்பட்டதும் அதே வருடம்தான். 2019 இல் சுவீடனின் சபாட்டன் முதலாம் உலகப்போர் பற்றி ஒரு முழு அல்பமே போட்டது. சாத்தான் பாட்டு என்று ஏசுகிற இசைக்குள்ளதான் செத்தவர்களின் கதையும் கிடக்கு.

ஆனால் ஒரு ஆபத்தும் இருக்கு. வேகமான கிற்றாரும் ட்ரம்ஸும் சேர்ந்தால் போர் ஒரு திறில்லாக மாறிவிடும். நூறு வருடத் தூரத்தில் நிற்பவர்களுக்கு அது லேசு. வீட்டுக்குள்ளேயே போர் வந்துபோன எங்களுக்கு அப்படி இல்லை. பெயர்களை எழுதிவைக்க ஒரு சுவர் கிடைப்பதே எவ்வளவு பெரிய விசயம் என்று எங்களுக்குத் தெரியும்.

அந்தப் பக்கம் ஒருநாள் போகக் கிடைத்தால் ஆற்றில குளியுங்கோ, தலையாட்டுங்கோ, தொண்டை கிழியக் கத்துங்கோ. ஒரு காலையில மட்டும் நேரத்தோட எழும்பி யாவோர்ட்சாவுக்கு ஏறுங்கோ. 2,564 பெயர்களில் ஒரு பத்தையாவது நின்று வாசியுங்கோ.