பால்மர மண்ணும் மெராந்திக் காடும்

பிரிக்பீல்ட்ஸிலிருந்து மலாயாப் பல்கலைக்கழகம் அதிக தூரமில்லை. அங்கே 80 ஹெக்டரில் விரிந்திருக்கிறது ரிம்பா இல்மு (அறிவின் காடு) என்னும் தாவரத் தோட்டம். 1974இல் அதை உருவாக்கும் முன் அது ரப்பர்த் தோட்டம். இருட்டோடு பெரட்டு, நிரைநிரையாகப் பால்மரம், மங்கில் சொட்டும் பால்: நம் வீட்டுப் பெரியவர்கள் அறிந்த அதே வகை மண். இன்று அதில் பனை, மூங்கில், பெரணி, மருந்துச் செடி என ஆயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள், பெயர்ப்பலகையோடு நிற்கின்றன.

பூச்சோங்கின் ஆயர் ஈத்தாம் காட்டை யாரும் நடவில்லை. 1906இல் காப்புக்காடாக அறிவித்தபோது 4,000 ஹெக்டருக்கு மேல் இருந்தது. வீடும் சாலையும் தின்று மிஞ்சியது சுமார் 1,200. சிலாங்கூர் அரசு அதை 1996இல் 80 ஆண்டுக் குத்தகைக்குப் புத்ரா மலேசியாப் பல்கலைக்கழகத்திடம் தந்தது. செர்டாங் வளாகத்துக்கு வெளியே இருந்தாலும் வனவியல் மாணவர்களுக்கு அதுதான் வகுப்பறை.

காலுக்கே வித்தியாசம் தெரியும். தாவரத் தோட்டத்தில் பாதை நம்மை அழைத்துப் போகும். காட்டில் வேரும் வழுக்கும் செம்மண்ணும் அட்டையும் ஒவ்வோர் அடியையும் யோசிக்க வைக்கும். ஆனால் பெரிய வித்தியாசம் விதையில் இருக்கிறது. 1876இல் ஹென்றி விக்கம் பிரேசிலிலிருந்து லண்டனின் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோன 70,000 ரப்பர் விதைகளில் முளைத்தது மிகச் சொற்பம். மறு ஆண்டு சிங்கப்பூருக்கு 22 கன்றுகள் வந்தன. மலாயா முழுக்க ரப்பர் பரவ, அந்தக் கொஞ்சமே போதுமாக இருந்தது. ஆறேழு ஆண்டில் வெட்டுக்கு வரும் மரம் அது, ஆண்டுதோறும் காய்க்கும்.

காட்டு மரமான மெராந்தி அப்படியல்ல. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை, காடே சேர்ந்து பூக்கும். சிறகு விரித்துச் சுழன்று இறங்கும் விதைகள் சில வாரங்களில் முளைக்கவேண்டும், இல்லையேல் சாகும். உலர்த்திப் பெட்டியில் வைத்துப் பிறகு விதைக்க வழியில்லை. தாய்மரம் போனால் விதையும் போயிற்று. ரப்பர்த் தோட்டத்தை அழகான தாவரத் தோட்டமாக்க முடிந்தது, அதில் எனக்கு மகிழ்ச்சிதான். பூச்சோங்கில் இழந்த 3,000 ஹெக்டரை எந்தப் பல்கலைக்கழகத்தாலும் நட்டுத் தர முடியாது. ஆகவே முதல் கவலை எனக்கு அந்தக் காட்டின் மேல்தான்.

குத்தகை 2076இல் முடியும். இந்த ஆண்டு பாதையோரம் முளைத்த மெராந்திக் கன்று, யாரும் மிதிக்காமல் விட்டால், அப்போது மேல்விதானத்தை எட்டியிருக்கலாம்.