டிராக்டர் கிளட்ச் கோளாறு: வண்டியைப் பிரிப்பதற்கு முன் பார்க்க வேண்டியவை

ரோட்டவேட்டர் போட்டு ஓட்டும்போது டிராக்டர் இழுக்கவில்லை என்றதும், ‘கிளட்ச் பிளேட் போய்விட்டது’ என்று முடிவுகட்டிப் பட்டறையில் விடுபவர்கள் அதிகம். பிளேட் மாற்ற வேண்டுமானால் என்ஜினையும் கியர் பாக்ஸையும் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். பிளேட்டின் விலை, கூலி ஆகியவற்றோடு உழவு நேரத்தில் வண்டி நிற்கும் நாட்களும் இழப்புதான். கோளாறு உள்ளே இல்லாமல், பெடலில் இருந்து போகும் ராடில் மட்டும் இருந்தால் அதை இரண்டு ஸ்பேனர்களைக் கொண்டு வயலிலேயே சரிசெய்து விடலாம். எனவே எது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்.

கிளட்ச்சில் வரும் கோளாறுகள் பெரும்பாலும் இரண்டு வகை. ஒன்று, பெடலில் இருந்து காலை எடுத்த பிறகும் பிளேட் சரியாகப் பிடிக்காமல் வழுக்குவது. மற்றொன்று, பெடலை முழுவதும் மிதித்த பிறகும் பிளேட் விலகாமல் இருப்பது. இரண்டும் நேர் எதிரானவை. ஒன்றுக்குச் செய்யும் வைத்தியத்தை மற்றொன்றுக்குச் செய்தால் கோளாறு கூடும்.

வழுக்குகிறதா என்று அறிவது எப்படி?

வண்டி இழுக்காததற்குக் கிளட்ச் மட்டுமே காரணம் அல்ல. பாரம் ஏறும்போது என்ஜின் சத்தம் இறங்கி, கரும்புகை வந்தால், பாரம் அதிகம் அல்லது என்ஜினில் குறை. பின் சக்கரம் நின்ற இடத்தில் சுற்றினால் அது டயரின் பிடிமானக் குறை. என்ஜின் சத்தம் கூடுகிறது, சக்கரமும் சுற்றவில்லை, வண்டியும் நகரவில்லை, கூடவே கருகல் வாடை வருகிறது என்றால் கிளட்ச் வழுக்குகிறது.

உறுதிசெய்ய ஒரு சோதனை உண்டு. சமதளத்தில், முன்னும் பின்னும் ஆள் இல்லாத இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். இரண்டு பிரேக்கையும் இணைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, உயர் கியரில் போட்டுக் கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் திணறி நின்றுவிட்டால் கிளட்ச் பிடிக்கிறது. நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் வழுக்குகிறது. இதை ஒருமுறைக்கு மேல் செய்ய வேண்டாம், பிளேட் சூடேறிவிடும்.

இரட்டைக் கிளட்ச் உள்ள வண்டியில், வண்டி நன்றாக நகர்ந்து ரோட்டவேட்டர் மட்டும் தளர்ந்தால் பி.டி.ஓ. பிளேட்டைச் சந்தேகப்படுங்கள். ரோட்டவேட்டர் நன்றாகச் சுற்றி வண்டி மட்டும் இழுக்கவில்லை என்றால் ஓட்டப் பிளேட். மெக்கானிக்கிடம் இதைத் தெளிவாகச் சொன்னாலே பாதி வேலை முடிந்தது.

பெடல் ப்ளே

பெடலை மிதிக்கத் தொடங்கியதும் கனமில்லாமல் கொஞ்ச தூரம் இறங்கும் அல்லவா, அதுதான் ப்ளே. பல டிராக்டர்களில் இது 20 முதல் 40 மி.மீ. வரை இருக்கும். உங்கள் மாடலுக்கான சரியான அளவு வண்டியோடு வந்த கையேட்டில் உள்ளது. என்ஜினை நிறுத்திவிட்டு, பெடல் அருகே ஒரு ஸ்கேலை நிறுத்தி, பெடலைக் கையால் அழுத்திப் பாருங்கள். முதலில் ஸ்பிரிங் கனம் மட்டும் தெரியும். அதன்பின் கை தடுக்கும் இடம் வரை உள்ள தூரத்தை அளவெடுங்கள்.

பிளேட் தேயத் தேய இந்த ப்ளே தானாகவே குறைந்துகொண்டு வரும். முற்றிலும் இல்லாமல் போனால், நீங்கள் கால் வைக்காவிட்டாலும் ரிலீஸ் பேரிங் எப்போதும் விரல்களை அழுத்திக்கொண்டே இருக்கும். பிளேட் வழுக்கிக் கருகும், பேரிங்கும் போகும். பயிற்சிக்கு வந்த விவசாயி ஒருவர் ஒரே ஆண்டில் இரண்டாவது முறையாகப் பிளேட் மாற்றியதாகச் சொல்லி, கம்பெனிப் பொருளே மோசம் என்று திட்டினார். வண்டியைப் போய்ப் பார்த்தோம். பெடலில் இம்மிகூட ப்ளே இல்லை. புதுப் பிளேட் போட்டவர்கள் ராடைச் சரிசெய்யாமலே விட்டிருந்தார்கள்.

சரிசெய்ய, ராடில் உள்ள லாக் நட்டைத் தளர்த்தி, ராடின் நீளத்தைக் கூட்டியோ குறைத்தோ அளவுக்குக் கொண்டுவந்து, நட்டை மீண்டும் இறுக்குங்கள். பின்னைக் கழற்றியிருந்தால் ஸ்பிளிட் பின் போட மறக்காதீர்கள். பெடல் ஷாஃப்ட்டில் கிரீஸ் இல்லாமல் துரு ஏறி, பெடல் பாதியில் நின்றாலும் ப்ளே இல்லாத அதே பாதிப்புதான். ப்ளே சரியாக இருந்தும் வழுக்கினால் மட்டுமே உள்ளே பார்க்க வேண்டும்.

விலகவில்லை என்றால்

கியர் போடும்போது, குறிப்பாக ரிவர்ஸில், ‘கரகர’வென்று பல் உரசும். பெடலை மிதித்திருந்தும் வண்டி ஊர்ந்து போகும். ப்ளே அளவுக்கு மேல் கூடிவிட்டதா என்று முதலில் பாருங்கள். அது சரியாக இருந்தால் பிளேட் கோணலாகி இருக்கலாம், விரல்களின் உயரம் ஏறுமாறாக இருக்கலாம், பைலட் பேரிங் இறுகியிருக்கலாம்.

தொழி உழவு செய்யும் வண்டிகளுக்கு இன்னொரு காரணமும் உண்டு. கிளட்ச் கூட்டுக்குள் தண்ணீர் புகுந்து, வண்டி பல நாள் நின்றால், பிளேட் துருப்பிடித்து ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். கூட்டின் அடியில் ஒரு வடிகால் துளை இருக்கும். சேற்றில் இறங்கும் முன் அதற்குரிய அடைப்பானைப் போடுங்கள். வேலை முடிந்ததும் கழற்றி நீரை வடியவிடுங்கள். நீண்ட நாள் நிறுத்தும்போது பெடலை அமுக்கிய நிலையிலேயே பிடித்து வைக்கும் கொக்கி சில மாடல்களில் உள்ளது, இருந்தால் பயன்படுத்துங்கள். ஒட்டிப்போன வண்டியை இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்து விடுவிக்கப் பார்ப்பது ஆபத்து. மெக்கானிக்கை அழையுங்கள்.

அந்த வடிகால் துளை வேறொன்றையும் சொல்லும். அதில் கருப்பாக ஆயில் சொட்டினால் என்ஜினின் பின்பக்க ஆயில் சீல் போயிருக்கலாம். கருக்காத, பிசுபிசுப்பான ஆயில் என்றால் கியர் பாக்ஸ் பக்கத்து சீல். ஆயில் பட்ட பிளேட் வழுக்கும், கிளட்ச்சை விடும்போது வண்டி குலுங்கும். சீலை மாற்றாமல் பிளேட்டை மட்டும் மாற்றினால் காசு வீண்.

பெடலை லேசாக அமுக்கியதும் சத்தம் வந்தால் ரிலீஸ் பேரிங். முழுவதும் மிதித்த பிறகு மட்டும் வந்தால் பைலட் பேரிங்.

பிரித்தே ஆக வேண்டும் என்றால்

அப்போது கூடவே நின்று பாருங்கள். ஒருமுறை பிரிப்பதற்கு ஆகும் கூலியைக் கருதினால், தேய்ந்த பேரிங்கையும் சீலையும் அப்போதே மாற்றுவது லாபம். ஃப்ளைவீலில் நீலநிறச் சூட்டுத் தழும்போ விரிசலோ இருந்தால், புதுப் பிளேட்டை அப்படியே பொருத்த விடாதீர்கள். முகத்தைக் கடைந்து சமன்செய்ய வேண்டும், அல்லது மாற்ற வேண்டும். மூடிய ரிலீஸ் பேரிங்கை டீசலில் கழுவினால் உள்ளிருக்கும் கிரீஸ் போய்விடும். உள்ளே படிந்த தூளைக் காற்றடித்து ஊதவும் கூடாது. பழைய பிளேட்டுகளில் கல்நார் இருக்கலாம், மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள். விரல்களின் உயரத்தைக் கேஜ் வைத்து ஒரே அளவாக வைக்கிறார்களா என்று பாருங்கள். கண் அளவில் வைப்பது பல இடங்களில் வழக்கம். குலுக்கல் திரும்ப வருவதற்கு அதுவும் ஒரு காரணம். புதுப் பிளேட் போட்டு முதல் சில நாள் உழவு முடிந்ததும் ப்ளேயை மீண்டும் அளந்து சரிசெய்யுங்கள்.

ஓட்டும் பழக்கமும் பிளேட்டின் ஆயுளைத் தீர்மானிக்கிறது. ஓட்டுநர் பெடல் மீதே காலை வைத்துக்கொண்டு உழுவதும், வேகத்தைக் குறைக்கப் பாதிக் கிளட்ச்சில் ஓட்டுவதும் பிளேட்டைத் தின்னும். மண் இறுகிய இடத்தில் கியரைக் குறைத்துப் போடச் சொல்லுங்கள். பாரம் ஏற்றிய டிரெய்லரோடு இறக்கத்தில் கிளட்ச்சை மிதித்து வண்டியை உருளவிடவே கூடாது; என்ஜினின் பிடி விட்டுப்போய், முழுப் பாரமும் பிரேக் மேல் விழும். ரோட்டவேட்டரில் வைக்கோலோ கொடியோ சுற்றிக்கொண்டால், கிளட்ச்சை மிதித்தபடி ஒருவர் உட்கார, இன்னொருவர் கையை விட்டு எடுப்பதைப் பார்க்கிறோம். விலகாத கிளட்ச்சாக இருந்தால் கத்தி நிற்காது. என்ஜினை நிறுத்தி, சாவியைக் கையில் எடுத்துக்கொண்ட பிறகே ரோட்டவேட்டர் அருகே போங்கள்.