ஒரு 'ஓகே', 583 உயிர்கள்

விமான விபத்துகளிலேயே அதிகம் பேர் இறந்தது வானத்தில் நடந்ததல்ல. தரையில், ஓடுபாதையில் நடந்தது. காரணங்களில் ஒன்று, ரேடியோவில் சொன்ன இரண்டு மூன்று சாதாரண வார்த்தைகள்.

1977 மார்ச் 27. ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகள். கிரான் கேனரியா விமான நிலையத்தில் பிரிவினைவாதிகள் வைத்த குண்டு வெடிக்க, அங்கே இறங்க வேண்டிய விமானங்களைப் பக்கத்துத் தீவான டெனரீஃபுக்குத் திருப்பிவிட்டார்கள். அவற்றில் இரண்டு போயிங் 747. ஒன்று டச்சு கேஎல்எம், மற்றது அமெரிக்க பான் ஆம்.

டெனரீஃப் சின்ன நிலையம். நின்றிருந்த விமானங்கள் வழியை அடைத்துக்கொண்டதால், கிளம்புகிறவை ஓடுபாதை மேலேயே ஊர்ந்துபோய் மறுமுனையில் திரும்ப வேண்டும். கேஎல்எம் முன்னால் போய்த் திரும்பி நின்றது. பின்னால் வந்த பான் ஆமை மூன்றாவது கிளைவழியில் விலகச் சொன்னார்கள். அது அதைத் தாண்டி வந்துகொண்டிருந்தது. கடும் மூடுபனி. தரை ரேடார் கிடையாது. யாருக்கும் யாரும் தெரியவில்லை, குரல்தான் கண்.

கேஎல்எம் கேப்டன் வான் சாண்டன், அந்த நிறுவனத்தில் 747 பயிற்சிக்கே தலைவர். பணி நேர வரம்பு வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. கட்டுப்பாட்டு அறை சொன்னது, மேலே போனபின் எந்த வழியில் பறக்க வேண்டும் என்பதை மட்டும். கிளம்ப அனுமதி தரவில்லை. துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லிவிட்டு "வி ஆர் நவ் அட் டேக் ஆஃப்" என்று முடித்தார். கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று கட்டுப்பாட்டாளர் எடுத்துக்கொண்டார். விமானமோ ஓட ஆரம்பித்துவிட்டது!

அவர் "ஓகே" என்றார். தொடர்ந்து, காத்திருங்கள், கூப்பிடுகிறேன் என்றார். அதே நொடியில் பான் ஆம் விமானியும், நாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பதறினார். ஒரே அலைவரிசையில் இரண்டு குரல் மோதி, கேஎல்எம்மில் கேட்டது ஒரு கீச்சொலி. தெளிவாக விழுந்தது 'ஓகே' மட்டுமே.

கேஎல்எம் பொறியாளருக்குச் சந்தேகம். பான் ஆம் இன்னும் விலகவில்லையா என்று கேட்டார். விலகியாயிற்று என்று கேப்டன் அழுத்தமாகச் சொல்ல, அவர் அடங்கிவிட்டார். சில நொடிகளில் எல்லாம் முடிந்தது. கேஎல்எம்மில் இருந்த 248 பேரும் போனார்கள். பான் ஆமில் பிழைத்தது 61 பேர்.

மொழி ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்வது என்னை யோசிக்க வைத்தது. டச்சு மொழியில் 'செய்துகொண்டிருக்கிறோம்' என்பதற்கு உள்ள வாக்கிய அமைப்பு, அவசரத்தில் ஆங்கிலத்தில் "அட் டேக் ஆஃப்" என்று வந்திருக்கலாமாம். ஊர்விட்டு வந்த நமக்கு இது புரியும். 'போய்ட்டு வரேன்' என்பதை அப்படியே இந்தியில் "ஜாக்கே ஆதா ஹூம்" என்று சொன்னால், பக்கத்து வீட்டுக்காரர் நாம் பத்து நிமிஷத்தில் திரும்புவோம் என்று நினைப்பார். வார்த்தை அவர்களுடையது, நினைப்பு நம்முடையது. நமக்கு அது சிரிப்போடு போய்விடும்.

அதற்குப் பிறகு விதிகள் மாறின. 'டேக் ஆஃப்' என்ற சொல், கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்து செய்யும்போதும் மட்டுமே. மற்ற நேரங்களில் 'டிபார்ச்சர்'. ஓடுபாதை தொடர்பான உத்தரவுகளை வெறும் 'ஓகே' என்று ஏற்கக்கூடாது, முழுதாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். இளையவர் சந்தேகப்பட்டால் கேப்டன் காதுகொடுக்க வேண்டும் என்பதும் பயிற்சியில் சேர்ந்தது.

ஆனாலும் 2024 ஜனவரி 2 அன்று டோக்கியோ ஹனேடாவில், வரிசையில் முதலிடம் என்ற பொருளில் சொன்ன 'நம்பர் ஒன்' என்பதை, ஓடுபாதைக்குள் நுழைய அனுமதி என்று கடலோரக் காவல்படை விமானி எடுத்துக்கொண்டார். அதில் 5 பேர் இறந்தார்கள். மோதிய பயணிகள் விமானத்தில் இருந்த 379 பேரும் தப்பியது பெரிய விஷயம்.

வங்கியில் காசோலைத் தொகையை எண்ணாலும் எழுத்தாலும் எழுதச் சொல்கிறோம். ஒரே விஷயத்தை எதற்கு இரண்டு தடவை என்று வாடிக்கையாளர்கள் அலுத்துக்கொள்வார்கள். ஒரு தடவை சொன்னது சரியாகப் போய்ச் சேர்ந்ததா என்று வேறு எப்படித் தெரியும்?