சாயவேர்

சாயவேர் என்பது இம்பூறல் என்னும் சிறு பூண்டின் வேர். பருத்தி நூலிலும் துணியிலும் வெளுக்காத சிவப்பை ஏற்றச் சோழமண்டலக் கரையிலும் இலங்கையின் வடபகுதியிலும் பல நூற்றாண்டுகள் இது பயன்பட்டது. தாவரவியலார் இச்செடியை ஓல்டன்லாண்டியா அம்பெல்லாட்டா என்பர். காப்பி, நுணா, மஞ்சிட்டி ஆகியவை அடங்கிய ரூபியேசிக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐரோப்பியரின் வணிக ஆவணங்களில் 'சாயா', 'சே', 'சோயா' என்று பலவாறாக வருவதெல்லாம் நம் 'சாயவேர்' என்ற சொல்லின் முற்பாதிதான்.

செடி கண்ணில் படாத அளவுக்கு எளியது. தரையோடு படர்ந்து, குச்சி போன்ற தண்டில் வெள்ளைப் பூக்களைச் சிறு கொத்தாக விடும். அதன் செல்வம் முழுவதும் மண்ணுக்குள் இருக்கிறது. களிமண்ணில் வேர் கோணும், கிளைக்கும். கடலோரத்து நொய்மணலில் ஓரடி, இரண்டடி என நேராக இறங்கும். ஆகவே கரையோர மணல்வெளிகளே இதன் நிலமாயின. கிழக்கிந்தியக் கம்பெனியில் பணிபுரிந்த வில்லியம் ராக்ஸ்பர்க், சோழமண்டலக் கரைத் தாவரங்களைப் பற்றி 1795இல் வெளியிடத் தொடங்கிய நூலின் முதல் தொகுதியிலேயே இதற்கு இடம் கொடுத்தார். விதைத்து வளர்த்த வேர் நீளமானது என்றும், தானாக முளைத்த காட்டுவேர் குட்டையானாலும் நிறம் கூடுதலாகக் கொடுப்பது என்றும் அவர் குறித்திருக்கிறார்.

வேரை நகத்தால் கீறிப் பார்த்தால் விஷயம் விளங்கும். உள்ளே இருக்கும் கட்டை வெண்மையானது; அதில் சாயம் இல்லை. மெல்லிய பட்டையில்தான் செம்மஞ்சள் நிறம் இருக்கிறது. இடித்த பட்டையில் ஈரச் சுண்ணாம்பைத் தடவினால் செவ்வூதாவாக மாறும். இந்த மாற்றத்துக்குக் காரணமான பொருள் அலிசரின். ஐரோப்பாவின் மேடர் வேரிலும் அதே அலிசரின் உண்டு. ஆனால் மேடரில் கூடவே இருக்கும் பர்ப்பியூரின் சாயவேரில் இல்லை. பழந்துணி ஒன்றின் சிவப்பு இந்த வேரிலிருந்து வந்ததா, மேடரிலிருந்து வந்ததா என்று அருங்காட்சியக ஆய்வாளர்கள் பிரித்தறிய இந்த வேறுபாடு உதவுகிறது.

வேரை மட்டும் கொதிக்கவைத்து அதில் வேட்டியை முக்கினால் நிறம் நிற்காது. இரண்டு சலவையில் போய்விடும். வேரின் சாயத்தை இழையில் பற்றவைப்பது படிகாரம். படிகாரத்தைப் பருத்தி ஏற்க வேண்டுமானால் துணி முதலில் அதற்குப் பக்குவப்பட வேண்டும். சாயவேரின் வரலாறு என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்தப் பக்குவத்தின் வரலாறுதான்.

எழுதுதுணியில், அதாவது இன்று கலம்காரி எனப்படும் வேலையில், அந்த வரிசை இப்படிப் போகும். கோடித்துணியைச் சாணநீரில் ஊறவைத்து, வெயிலில் விரித்து, நாள்கணக்கில் வெளுப்பார்கள். பிறகு கடுக்காய்த் தூளை எருமைப்பாலில் கரைத்து அதில் துணியைத் தோய்த்து உலர்த்துவார்கள். கடுக்காயின் துவர்ப்பு படிகாரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாலின் கொழுப்பு, எழுதும் கோடு பரவாமல் காக்கும். இரும்புத் துண்டுகளை வெல்ல நீரில் புளிக்கவைத்து எடுத்த நீரால் எழுதினால், கடுக்காய் ஏறிய துணியில் கோடு கறுப்பாக விழும். சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைப் பூசுவார்கள். அது நிறமற்றது; எங்கே பூசினோம் என்று கைக்குத் தெரியாது. அதற்காகப் பதிமுகக் கட்டையின் சிவப்பை அதில் சிறிது கலந்துகொள்வார்கள். பின்னால் கழுவப்போகும் நிறம் அது. கண்ணுக்கு அடையாளம் மட்டும். இந்தச் சிறு ஏற்பாட்டில் தெரியும் அறிவை நான் எந்தப் பெரிய கண்டுபிடிப்புக்கும் குறைவாக மதிப்பதில்லை.

அடுத்து, அதிகப்படியான படிகாரத்தை ஓடும் நீரில் அலசிப் போக்கிவிட்டு, இடித்த வேர் போட்ட பானையில் துணியை இட்டு மெல்லச் சூடேற்றுவார்கள். துணி முழுவதும் மங்கலான சிவப்பில் வெளிவரும். மறுபடி சாணநீர், மறுபடி வெயில். படிகாரம் இல்லாத இடமெல்லாம் வெளுத்துப்போக, படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவந்து நிற்கும். படிகாரத்தோடு இரும்புநீரைக் கலந்து எழுதியிருந்தால் அதே பானையிலிருந்து ஊதாவும் பழுப்பும் வரும். நீலத்துக்குத் துணியை மெழுகால் மூடி, நீலம் வேண்டிய இடத்தை மட்டும் திறந்து வைத்து, அவுரித் தொட்டியில் முக்குவார்கள். மஞ்சளைக் கடைசியில் கையால் தீட்டுவார்கள். அது நீலத்தின்மேல் விழுந்த இடம் பச்சையாகும்.

நூலுக்குச் சாயமேற்றுவது வேறு பாடு. நல்லெண்ணெயையும் சாம்பல் நீரையும் அடித்துப் பால்போலாக்கி, அதில் நூலைப் பல நாள் மாறி மாறித் தோய்த்து உலர்த்துவார்கள். அந்த எண்ணெய்ப்பசையே படிகாரத்தை இழையில் தங்கவைக்கும். காசா இலையும் வேரோடு சேரும். காசா என்பது திருமாலின் நிறத்துக்கு உவமை சொல்லும் காயாம்பூவின் மரம். அதன் இலைகள் மண்ணிலிருக்கும் அலுமினியத்தைத் தம்முள் சேர்த்துவைப்பவை என்பது பிற்காலத்து வேதியியல் கண்டது. படிகாரத்தின் உயிரும் அந்த அலுமினியம்தான். நீலப் பூப்பூக்கும் மரம் சிவப்புக்குத் துணைநின்றதைச் சாயக்காரர்கள் அனுபவத்தாலேயே அறிந்திருந்தார்கள்.

இந்தத் தொழில் எப்போது தொடங்கியது என்று ஆண்டு குறிக்க முடியாது. அரிக்கமேட்டில் 1945இல் அகழாய்வு நடத்திய மார்ட்டிமர் வீலர், அங்கே கிடைத்த செங்கல் தொட்டிகளைச் சாயத்தொட்டிகளாகக் கருதினார். அவற்றில் தோய்ந்தது எந்தச் சாயம் என்பதற்கு அவை சான்றாகா. உறுதியான எழுத்துச் சான்று 16ஆம் நூற்றாண்டில் கிடைக்கிறது. 1560களில் கீழைக்கடல் பகுதியில் பயணம் செய்த வெனிசு வணிகர் செசாரே ஃபெடரிச்சி, சாந்தோமிலிருந்து பர்மாவின் பெகுவுக்குச் செல்லும் சிவப்பு நூலைப் பற்றி எழுதும்போது, அது 'சாயா' என்னும் வேரில் தோய்ந்தது, அதன் நிறம் போவதில்லை என்கிறார்.

அந்தக் கடல்வணிகம்தான் வேரின் விலையை ஏற்றியது. மொலுக்காத் தீவுகளில் கிராம்பு விற்றவர்கள் வெள்ளியைவிடச் சோழமண்டலத் துணியையே விரும்பினார்கள். டச்சுக்காரர்கள் பழவேற்காட்டில் 1613இல் கோட்டை கட்டியதற்கும், நாகப்பட்டினத்தை 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து பிடித்ததற்கும் துணி ஒரு முதன்மைக் காரணம். 1620இல் தரங்கம்பாடியில் டேனியரும், 1639இல் சென்னையில் ஆங்கிலேயரும், 1674இல் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரரும் வந்து அமர்ந்தார்கள். சென்னையின் வண்ணாரப்பேட்டை என்ற பெயர், கம்பெனித் துணியை வெளுத்துக் கொடுத்தவர்கள் குடியமர்ந்ததால் வந்தது.

இலங்கையில் இந்த வேரின் கதை கசப்பானது. யாழ்ப்பாணத்தை 1658இல் கைப்பற்றிய டச்சு நிர்வாகம் மன்னார், யாழ்ப்பாணக் குடாநாடு, அதைச் சூழ்ந்த தீவுகள் ஆகியவற்றில் கிடைத்த சாயவேரைத் தன் ஏகபோகமாக்கியது. அதைத் தோண்டித் தருவது சில சமூகத்தவர்மீது கடமையாகச் சுமத்தப்பட்டது. குத்தகையும் எடையும் ஏடுகளில் பதிவாயின. வெயிலில் குனிந்து மணலைக் குத்தியவர்களின் பெயர்கள் பதிவாகவில்லை.

எழுதுதுணியின் வரவேற்பு ஐரோப்பாவின் நெசவாளர்களைக் கலங்கவைத்தது. பிரான்சு 1686இல் அதைத் தடைசெய்து 1759வரை தடையை வைத்திருந்தது. இங்கிலாந்து 1700இலும் 1721இலும் சட்டமியற்றியது. தடையால் ஆசை அடங்கவில்லை. செய்முறையைக் கற்றுக்கொள்ளும் வேகமே கூடியது. 1734ஐ ஒட்டிப் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி பொலியு, எழுதுதுணி உருவாவதை அருகிருந்து பார்த்து, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு சேர்த்தார். அந்தக் கையெழுத்துப்படி பாரிசில் இருக்கிறது. 1742இல் ஏசுசபைப் பாதிரியார் கேர்தூ, மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டறிந்த முறையை நீண்ட கடிதமாக எழுதி அனுப்பினார். சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உள்ள உறவை முன்கூட்டியே கண்டவரென மொழியியலார் நினைவுகூரும் அதே கேர்தூதான் இவர். மேடர் வேர் ஐரோப்பாவில் தாராளமாக இருந்தது, இல்லாதிருந்தது பக்குவம். 1760இல் ழூயி என்னும் ஊரில் ஓபர்காம்ஃபின் அச்சுத்துணித் தொழிற்சாலை தொடங்கும்போது அதுவும் கைக்கு வந்திருந்தது.

இங்கே தொழில் உடனே சாய்ந்துவிடவில்லை. கொள்ளிடத்துக்கு வடக்கே கோடாலிக்கருப்பூரில், தஞ்சை மராட்டிய அரசகுலத்துக்காக நெய்து, மெழுகிட்டு, எழுதிய சேலைகள் சாயவேர்ச் சிவப்பின் உச்சம் என்பேன். சரிகையின் பொன் அந்தச் செம்பழுப்பின் அடியிலிருந்து மினுங்கும். 1855இல் கடைசி மன்னர் சிவாஜி ஆண் வாரிசின்றி இறந்து அரசு முடிந்தபின் அந்தச் சேலைக்கு ஆதரவு அற்றுப்போயிற்று.

முடிவு ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1868இல் கிரேபே, லீபர்மான் என்ற இரு ஜெர்மானியர் நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் ஆந்த்ரசீனைக் கொண்டு அலிசரினைச் செயற்கையாக உண்டாக்கினார்கள். 1869 ஜூனில் அவர்கள் தரப்பும் லண்டனில் வில்லியம் பெர்கினும் ஒருநாள் இடைவெளியில் காப்புரிமை கோரினார்கள். இரண்டு ஆண்டு மண்ணில் காத்திருக்க வேண்டிய நிறம் டப்பாவில் வந்து இறங்கியது. மேடர் வயல்களும் அழிந்தன, சாயவேரும் சந்தையை இழந்தது. மதுரைச் சௌராஷ்டிரச் சாயக்காரர்களும் செயற்கை அலிசரினுக்கு மாறினார்கள். 1893இல் சாயவேரின் வண்ணப்பொருள்களை ஹம்மலோடு சேர்ந்து பகுத்தாராய்ந்து கட்டுரை வெளியிட்ட ஏ. ஜி. பெர்கின், அந்த வில்லியம் பெர்கினின் மகன்.

20ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் கமலாதேவி சட்டோபாத்யாய் போன்றோரின் முயற்சியால் காளஹஸ்தியிலும் சென்னைக் கலாக்ஷேத்ராவிலும் எழுதுதுணி மீண்டும் துளிர்த்தது. கருப்பூர்க் கலம்காரி 2021இல் புவிசார் குறியீடு பெற்றது. இவை மகிழத்தக்கவை. ஆனால் இன்று 'இயற்கைச் சாயம்' என விற்கும் சிவப்பில் பெரும்பகுதி மஞ்சிட்டியாலோ வேறு பட்டைகளாலோ ஆனது. செயற்கை அலிசரினும் உண்டு. துணி வாங்குபவர்கள் எந்த வேர், எந்தப் பட்டை என்று கேட்க வேண்டும். அந்தக் கேள்வி வந்தால்தான் சாயவேரை மறுபடி விதைக்க யாருக்கேனும் காரணம் இருக்கும்.

செடி அழியவில்லை. கடலோர மணலில் களையாக முளைக்கிறது. இருமலுக்கும் இரத்தம் கக்குவதற்கும் சித்த மருத்துவர்கள் தரும் இம்பூறல் வடகத்தில் இருப்பது இதே பூண்டுதான்.