ஆயாவோட ஃபோட்டோவும் ஒரு டிஃப் ஃபைலும்

ஒரு கம்ப்யூட்டர்ல சேவ் பண்ண படம் இன்னொரு கம்ப்யூட்டர்ல ஏன் திறக்காமப் போகுது? இன்னைக்கு அந்தப் பழைய சண்டையைப் பத்திதான் பேசப் போறேன். எனக்கு இது ஒரு சிடியில ஆரம்பிச்சது.

எங்க ஆயா பாகூர்ல 1997-ல் இறந்தாங்க. அவங்க தனியா இருக்கிற ஃபோட்டோ ஒண்ணே ஒண்ணுதான். 2011 டிசம்பர் 30, தானே புயல் அடிச்ச அன்னைக்கு ஓடு பறந்து, சுவத்துல மாட்டியிருந்த அந்த ஃபோட்டோ கூழாப் போச்சு. ஆனா கருமாதி பத்திரிகைக்காக டவுன்ல ஒரு பிரஸ்ஸுல அதை ஸ்கேன் பண்ணியிருந்தாங்க. அங்க இருந்தது மேக். பத்திரிகை அடிச்சது வில்லியனூர்ல ஒரு டிடிபி கடையில. அங்க சாதா பிசி, பேஜ்மேக்கர். நடுவுல ஃப்ளாப்பி. கடை அண்ணன் பழைய ஃப்ளாப்பி எல்லாத்தையும் பின்னாடி சிடியில ஏத்தி வெச்சிருந்தார். தேடி எடுத்துக் குடுத்தார். ஃபைலுக்குப் பேர் இருக்கு, புள்ளி வெச்சு எக்ஸ்டென்ஷன் இல்லை. அன்றைய மேக் அது என்ன வகை ஃபைல் என்பதைத் தனியாகக் குறித்துக்கொள்ளும். பேரில் ஒட்டத் தேவையில்லை.

ஹெக்ஸ் எடிட்டர்ல திறந்தேன். முதல் ரெண்டு எழுத்து 'எம்எம்'. அப்பவே புரிஞ்சுபோச்சு, இது டிஃப்.

டிஃப் 1986-ல் வந்தது. உருவாக்கியது ஆல்டஸ், அதாவது பேஜ்மேக்கரை 1985-ல் மேக்குக்குக் கொண்டுவந்த அதே கம்பெனி. அந்தக் காலத்தில் ஸ்கேனர் கம்பெனிகள் ஆளுக்கொரு ஃபார்மேட் வைத்திருந்தார்கள். பேஜ்மேக்கர் எத்தனைக்குத்தான் ஈடுகொடுக்கும்? 1987-ல் பேஜ்மேக்கர் பிசிக்கும் வந்தது. அங்கே இன்னொரு சிக்கல்: மேக்கில் மோட்டோரோலா சிப், பிசியில் இன்டெல். ரெண்டும் எண்களை எதிரெதிர் வரிசையில் எழுதும்.

நாம 'இருபத்து மூன்று'ன்னு சொல்றோம், பத்து முதல்ல. இந்தியில 'தேயீஸ்', மூணு முதல்ல. எண் ஒண்ணுதான், வரிசைதான் வேற. ஆனா தெரியாம மாத்திப் படிச்சா 23, 32 ஆயிடும்ல? ஆல்டஸ்காரங்க யார் பக்கமும் சாயல. ஃபைலோட தலையிலயே 'எம்எம்'னா மோட்டோரோலா வரிசை, 'ஐஐ'னா இன்டெல் வரிசை. அடுத்து 42 என்ற எண். மாத்திப் படிச்சா அது 10752-னு வரும், தப்பு உடனே தெரிஞ்சிடும். அதுக்கப்புறம் நாலு பைட்டில், படத்தோட அகலம், உயரம், மத்த விவரமெல்லாம் ஃபைலில் எங்கே இருக்கு என்ற முகவரி. என்னைக் கேட்டா, ரொம்ப நாகரிகமான சமரசம்.

இதே நேரத்தில் ஜெஃப் பாஸ்கன்சர் என்பவர் வேற வழியில் போனார். 20 ஃபார்மேட் இருந்தால், ஒவ்வொன்றிலிருந்தும் மற்ற ஒவ்வொன்றுக்கும் மாற்ற 380 புரோகிராம் வேண்டும். நடுவில் எளிமையான ஒரு பொது ஃபார்மேட்டை வைத்தால் 40 போதும்: உள்ளே வர 20, வெளியே போக 20. 1988-ல் அவர் வெளியிட்ட பிபிஎம்ப்ளஸ் அதைத்தான் செய்தது. இன்னைக்கும் நெட்பிபிஎம்-னு அது உயிரோட இருக்கு.

நம்ம ஊர்ல இந்த யோசனை அதுக்கு முன்னாடியே நடந்திருக்கு. செயின்ட் லூயி தெருவில் இருக்கும் பிரெஞ்சு நிறுவனம் 1955-ல் தொடங்கியது. அங்கே சேர்ந்த சைவ ஓலைச்சுவடிகள் பெரும்பாலும் கிரந்த எழுத்தில் இருந்தன. அது தெரிந்தவர்கள் குறைவு. அதனால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிகளைத் தேவநாகரியில் காகிதத்தில் கையால் எழுதி வைத்தார்கள். நடுவில் ஒரு பொது ஃபார்மேட்! 2005-ல் புதுச்சேரியின் சைவச் சுவடிகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் ஏறின. கையால் எழுதும்போது பிழை வராமலா இருக்கும்? வரும். ஆனா ஓலையைப் பூச்சி அரிச்சாலும் சொல் மிஞ்சும்.

சரி, ஆயாவோட ஃபைல். முகவரி சரியா இருக்கு, ஆனா அது காட்டுற இடம் ஃபைல் முடிஞ்சதுக்கு அப்பால. விவரப் பட்டியலை ஃபைலோட வாலில் எழுதுவது அன்றைய பல மென்பொருள்களின் வழக்கம். ஃப்ளாப்பியிலிருந்து சிடிக்குப் போனப்ப அந்த வால் அறுந்திருக்கு. பிக்ஸல் இருக்கு, அகலம் எவ்வளவுன்னு சொல்ல ஆள் இல்லை. அதனாலதான் எந்த வியூவரும் திறக்கல.

பைத்தான்ல சின்ன லூப் போட்டு அகலத்தை ஒண்ணொண்ணா மாத்திப் பார்த்தேன். தப்பான அகலத்துல படம் சாய்ஞ்சு கிழிஞ்ச துணி மாதிரி ஓடும். ராத்திரி ரெண்டு மணி வாக்குல நேரா நின்னுச்சு. நரைச்ச முடி கருகருன்னு இருக்கு! ஒரு செகண்ட் ஆயா சின்னப் பொண்ணு ஆயிட்டாங்களோன்னு இருந்துச்சு. அப்புறம்தான் முகமும் நெகட்டிவ்ல இருக்குன்னு கவனிச்சேன். 0 என்பது வெள்ளையா கருப்பா என்று டிஃப்பில் 262-ஆம் எண் டேக் சொல்லும். அதுவும் வாலோடயே போச்சு. ஒவ்வொரு பிக்ஸலையும் 255-லிருந்து கழிச்சேன்.

கடைசி சில வரிசைகள் கிடைக்கவே இல்லை. கீழே சேலை பார்டர் பாதியில் நிக்குது. அப்பாகிட்ட போன்ல காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு, "இதுக்கு ஃப்ரேம் போட எவ்வளவுடா ஆகும்?"னு கேட்டார்.