வில்லோபுரூக் பிள்ளைகளும் பெற்றோரின் சம்மதமும்

நியூயார்க்கின் ஸ்டேட்டன் தீவில், மனவளர்ச்சி குன்றியோருக்கென 1947 முதல் இயங்கிய வில்லோபுரூக் அரசுப் பள்ளி 4,000 பேருக்கெனக் கட்டப்பட்டது. 1965-இல் அங்கு 6,000-க்கும் மேற்பட்டோர் நெருக்குண்டு வாழ்ந்தனர். கல்லீரல் அழற்சி ஓயாமல் பரவிற்று. 1956-இல் அங்கு ஆய்வைத் தொடங்கிய குழந்தை மருத்துவர் சால் குருக்மனும் அவர் குழுவினரும், புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் சிலருக்கு அந்நோய்க்கிருமியை வேண்டுமென்றே கொடுத்தனர். எப்படியும் வரவிருக்கும் நோய் தனி விடுதியில், நல்ல கவனிப்பில் வருவதே மேல் என்பது அவர் வாதம். நோய் இருவகைப்பட்டது என்பது இவ்வாய்வால் 1967-இல் தெளிவாயிற்று. பின்வந்த தடுப்பூசிக்கும் இது வழிகோலிற்று. இதை மறைத்தல் நேர்மையன்று.

பெற்றோர் எழுத்து மூலம் சம்மதித்தனர், மெய்தான். ஆனால் 1964-இன் இறுதியில் இடமின்மையால் பள்ளியின் பொதுவாயில் அடைபட்டது. ஆய்வு விடுதியின் வாயில் மட்டும் திறந்திருந்தது. அக்காகிதத்தில் கையொப்பமிட்ட தாய்க்கு மறுக்கும் உரிமை எவ்வளவு இருந்திருக்கும்? இத்தகைய இல்லங்களைச் சந்தித்துள்ள நம் போதகர்கள் அறிவர்.

மெதடிஸ்ட் அறநெறியாளர் பால் ராம்சி 1970-இல் வெளியிட்ட தம் நூலில் இன்னும் ஆழமாகச் சென்றார். மனிதரிடையே உள்ள உடன்படிக்கை உறவின் அடிப்படையில், பிறர் நலனுக்காகத் தம் பிள்ளையைச் சோதனைக்கு ஒப்புவிக்கும் அதிகாரம் பெற்றோருக்கே இல்லை என்றார். கத்தோலிக்க இறையியலாளர் ரிச்சர்ட் மெக்கார்மிக் 1974-இல் இதை மறுத்து, மிகச் சிறிய இடருள்ள ஆய்வுக்கு இடமளித்தார். வில்லோபுரூக்கில் நேர்ந்தது அத்தகைய சிறிய இடரன்று. நாம் ராம்சியின் பக்கமே சாய்கிறோம். ஆயினும், அத்தடுப்பூசியை நம் பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டே இதை எழுதுகிறோம்.