வரைபவரும் கட்டுபவரும்: வன்னி நிலத்துக் கட்டுமான வரலாற்றில் ஒரு நோக்கு

ஒரு கட்டடம் எழுவதற்கு இருவகை அறிவு வேண்டப்படுகின்றது. இல்லாத ஒன்றை மனத்தாற் கண்டு அதற்கு அளவும் வடிவும் வகுப்பது ஒன்று. கல்லும் மண்ணும் மரமும் எவ்வாறு நடந்துகொள்ளும் என்பதைக் கைப்பழக்கத்தால் உணர்ந்திருப்பது மற்றையது. தமிழரின் கோயிற் கட்டட மரபிலே ஸ்தபதியிடத்து இவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருந்தன. ஐரோப்பாவிலோ பதினைந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த அல்பேர்த்தி, கட்டடத்தை வகுப்பவனைத் தச்சனிலிருந்து வேறுபடுத்தித் தம் நூலிலே எழுதினார். அன்று கோட்பாட்டளவில் நிகழ்ந்த அப்பிரிவு, பின்னர் கட்டடக் கலைஞர், ஒப்பந்தகாரர் என்னும் இரு தொழில்களாக நிலைபெற்றது. இப்பிரிவு வன்னிப் பெருநிலத்திலே எவ்வாறு நேர்ந்தது, அங்கு வாழும் மக்களுக்கு அதனால் விளைந்தது யாது, தொழினுட்பம் அதனைக் குறைத்ததா கூட்டியதா என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

குளங்கள் தரும் சான்று

வன்னியின் வரலாறு குளங்களின் வரலாறு எனலாம். ஆண்டின் பெரும்பகுதி வறண்டு கிடக்கும் இந்நிலத்திலே மாரிமழையைத் தேக்கி வைத்தாலன்றி வேளாண்மை இல்லை. குளக்கட்டின் சாய்வு, வான் அமையவேண்டிய மட்டம், துருசின் இடம் ஆகியவற்றுள் ஒன்று பிழைத்தாலும் கட்டு உடையும், ஊர் அழியும். நீர்ப்பாசனப் பொறியியலாளராக இலங்கையிற் பணியாற்றிய ஹென்றி பாக்கர், வவுனிக்குளம் உட்படப் பல பண்டைய குளங்களை ஆராய்ந்து 1909 ஆம் ஆண்டில் 'பண்டைய இலங்கை' என்னும் நூலை வெளியிட்டார். சிங்களத்தில் 'பிசோகொட்டுவ' எனப்படும் துருசுக் கிணற்றினை அவர் வியந்து போற்றினார். குளக்கட்டினுள்ளே செங்கல்லாலும் கருங்கல்லாலும் சதுரக் கிணறொன்றை அமைத்து, நீர் புகும் வழியையும் வெளியேறும் வழியையும் அதனூடாக இணைத்து, பாயும் நீரைக் கட்டுப்படுத்தும் முறை அதுவாகும். நீரின் அழுத்தத்தைக் கணக்கிட்டவனும் கல்லை அடுக்கியவனும் அயலவராய் இருந்திருப்பின் இத்தகைய நுட்பம் கைகூடியிராது எனக் கருதத் தோன்றுகின்றது.

சிறு குளங்களிலே இவ்வுறவு இன்னும் நெருக்கமானது. வயலின் பரப்புக்கேற்பக் கட்டின் ஒரு பகுதியைச் செப்பனிடுவது ஒவ்வொரு கமக்காரனுக்கும் கடமையாயிருந்தது. நீரை உண்பவனே கட்டைக் காப்பவன். 1832 ஆம் ஆண்டில் இராசகாரிய முறை ஒழிக்கப்பட்டபோது கட்டாய உழைப்பு நீங்கியது நன்றே. எனினும், அதனோடு கூடவே குளம் காக்கும் கூட்டுக்கடமையும் தளர்ந்தது. இதனை உணர்ந்த குடியேற்ற அரசு, 1856 ஆம் ஆண்டின் நெற்காணி நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டத்தினால் பழைய வழக்காறுகளுக்கு மீண்டும் உயிரூட்ட முயன்றது.

திணைக்களமும் இரணைமடுவும்

1900 ஆம் ஆண்டில் நீர்ப்பாசனத் திணைக்களம் தோன்றியதோடு வரைதலும் கட்டுதலும் தெளிவாகப் பிரிந்தன. இரணைமடு இதற்குத் தக்க எடுத்துக்காட்டாகும். கனகராயன் ஆற்றை மறித்துப் பெருங்குளம் ஒன்றை அமைக்கும் எண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே பாக்கரிடத்து உருவாயிற்று. 1902 ஆம் ஆண்டில் வேலை தொடங்கியது. முடிவுற ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. மட்டக்கருவியும் வரைபடமும் மதிப்பீட்டுத் தாளும் இப்போது ஆட்சி செய்தன. காடு வெட்டி மண் சுமந்தவர்கள் அவ்வரைபடத்தைக் கண்டிருக்கமாட்டார்கள். குளம் வெற்றி பெற்றது. கிளிநொச்சி என்னும் விவசாயக் குடியேற்றமே அதனால் எழுந்தது. ஆயினும் கட்டியவன் கூலியாளாகவும், பயன்பெறுபவன் விண்ணப்பதாரனாகவும் மாறினர். அறிவு அலுவலகத்திலும் உழைப்பு வெளியிலுமாகப் பிளவுண்டமையே இக்காலத்தின் பண்பாகும்.

போருக்குப் பின் எழுந்த வீடுகள்

இப்பிளவு மக்களின் வாழ்வை நேரடியாகத் தொட்டது 2009 ஆம் ஆண்டு மே மாதத்தில் போர் முடிந்த பின்னராகும். முகாம்களிலிருந்து மீண்டோர் கண்டவை கூரையற்ற சுவர்களும், பல இடங்களில் வெற்று நிலமுமே. இந்திய அரசு 50,000 வீடுகளைக் கட்டித்தர முன்வந்தது. முதற்கட்டத்தில் 1,000 வீடுகள் வடமாகாணத்தில் ஒப்பந்தகாரர் வழியாகக் கட்டப்பட்டு 2012 ஆம் ஆண்டில் நிறைவுற்றன. அதே ஆண்டு ஒக்ரோபர் 2 ஆம் திகதி தொடங்கிய அடுத்த கட்டத்தில் முறையே மாற்றப்பட்டது. வடக்கிலும் கிழக்கிலும் 45,000 வீடுகளைக் கட்டுவதும் திருத்துவதும் உரிமையாளரின் பொறுப்பிலேயே விடப்பட்டன.

இம்முறையின் இயக்கம் கவனிக்கத்தக்கது. புதிய வீடொன்றுக்கு 5,50,000 ரூபா, வேலையின் படிநிலைக்கேற்பத் தவணைகளாகக் குடும்பத்தின் வங்கிக் கணக்கிற்குச் சென்றது. குடும்பமே மேசனைத் தேடியது. சீமெந்தும் மணலும் வாங்கியது. சமையலறை எத்திசையில் அமையவேண்டும் என முடிவு செய்தது. தொழினுட்ப உத்தியோகத்தர் அத்திவாரத்தையும் சுவரையும் கூரையையும் பார்த்து உறுதிப்படுத்திய பின்னரே அடுத்த தவணை கிடைத்தது. வரைபவர் வளவுக்கு வந்தார். கட்டுவிப்பவர் வரைபடத்தைக் கையிலெடுத்தார். கணவனை இழந்து குடும்பத்தைத் தாங்கிய பெண்கள் பலர் மேசனோடு கணக்குப் பேசினர்.

இதனை இலட்சிய முறையாகக் காட்டுதல் உண்மைக்கு மாறாகும். ஓரிடத்திலே ஆயிரக்கணக்கான வீடுகள் ஒருங்கே எழுந்தபோது மேசன்மாருக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டது. பொருள்களின் விலை ஏறியது. உதவித்தொகை போதாமையால் நகையை அடகு வைத்தவரும் கடன்பட்டவரும் பலர். பொறுப்பை மக்களிடம் ஒப்படைத்தவர்கள் சந்தையின் சுமையையும் அவர்கள்மீதே ஏற்றினர் என்னும் கண்டனம் புறக்கணிக்கத்தக்கதன்று.

உருக்கு வீடும் ஓட்டு வீடும்

மாற்றுவழி ஒன்று 2015, 2016 ஆம் ஆண்டுகளில் முன்வைக்கப்பட்டது. வெளிநாட்டு நிறுவனமொன்று தொழிற்சாலையிலே செய்த உருக்குப் பகுதிகளைக் கொணர்ந்து வடக்கிலும் கிழக்கிலும் 65,000 வீடுகளைப் பொருத்தித் தரும் என அரசு அறிவித்தது. விரைவும் நேர்த்தியும் அதன் சிறப்புகளாகக் கூறப்பட்டன. ஆனால் ஒரு வீட்டின் விலை இருபது இலட்சம் ரூபாவைத் தாண்டியது. அது வெப்ப நிலத்துக்கு ஏற்றதா, நெடுங்காலம் நிலைக்குமா, பின்னர் ஓர் அறையைச் சேர்க்க இயலுமா எனப் பொறியியலாளரும் பொருளியலாளரும் மக்கள் பிரதிநிதிகளும் வினவினர். உள்ளூர் மேசனுக்கும் தச்சனுக்கும் அதில் வேலையில்லை என்பதும் சுட்டிக்காட்டப்பட்டது. எதிர்ப்பினால் அத்திட்டம் கைவிடப்பட்டது.

இவ்விவாதத்தைப் பழமைக்கும் புதுமைக்கும் இடையேயான போராட்டமாகக் கொள்ளுதல் தவறாகும். துருசுக் கிணறும் அதன் காலத்திற் புதுமையே. இன்று உலகெங்கும் கட்டடத்தின் முழு அமைப்பையும் கணினியில் உருவாக்கி, கட்டடக் கலைஞரும் பொறியியலாளரும் ஒப்பந்தகாரரும் ஒரே மாதிரியை நோக்கித் தொழிற்படும் முறை பரவி வருகின்றது. பிரித்தானியா 2016 ஆம் ஆண்டிலிருந்து மத்திய அரசின் கட்டட வேலைகளுக்கு அதனைக் கட்டாயமாக்கியது. தூண் செல்லுமிடத்தில் குழாய் செல்லும் பிழை களத்திலன்றித் திரையிலேயே வெளிப்படுவதால் பொருளும் காலமும் மிஞ்சுகின்றன. நூற்றாண்டுகளாகப் பிரிந்திருந்த இரு தொழில்களை மீண்டும் ஒரு மேசையில் அமர்த்தும் முயற்சி இது.

அம்மேசையிலே வீட்டில் வாழப்போகின்றவருக்கு இருக்கை உண்டா என்பதே வன்னியின் வரலாறு எழுப்பும் வினா. குளக்கட்டைக் காத்த கமக்காரனுக்கு அவ்விருக்கை இருந்தது. இரணைமடுவில் மண் சுமந்தவனுக்கு இருக்கவில்லை. 2012 இன் பின்னர், கடன்சுமையோடேனும், ஓரளவு திரும்பக் கிடைத்தது. அவ்வாறு எழுந்த வீடுகளிலே பின்னர் விறாந்தையும் பத்தியும் சேர்த்துக்கொண்டோர் உளர். தம் வீட்டின் அத்திவாரம் எத்துணை ஆழமானது என்பதை அவர்கள் அறிவர். அதனைத் தோண்டியபோது அவர்கள் அருகில் நின்றனர்.